மனிதர்களுக்குப் படித்து, செடிகளுக்கு டாக்டரான பட்லர்: உங்க மாடித் தக்காளிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

தேனியை ஒட்டியிருக்கும் பழனிசெட்டிபட்டியில் மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த ‘பி.கே.எம். 1’ தக்காளி அவர்களுடைய மாவட்டத்துச் சரக்கு. ‘பி.கே.எம்.’ என்பது பெரியகுளம். அங்குள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில், ‘அன்னஞ்சி’ என்ற உள்ளூர் ரகத்திலிருந்து இது உருவாக்கப்பட்டது. அன்னஞ்சி, தேனிக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஊர்.

விதை உள்ளூர்தான், முல்லைப் பெரியாறும் பக்கத்தில்தான் ஓடுகிறது. ஆனாலும் முதல் தடவை தக்காளி போடுகிற பலருக்கும் ஒரே அனுபவம்தான். விதை நல்லா முளைக்கும். பத்து நாள் பச்சைப்பசேல்னு நிற்கும். ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால், பாதி நாற்று தரையோடு படுத்திருக்கும். இலையில் புள்ளி இருக்காது, பூச்சி கடித்த அடையாளமும் இருக்காது. மண்ணை ஒட்டின இடத்தில் தண்டு மட்டும் நூல் மாதிரி மெலிந்து, நீர்க்கோத்து இருக்கும்.

இதற்குப் பெயர் நாற்றழுகல். நம்ம ஊர் வெயிலிலும் ஈரத்திலும் இதை உண்டாக்கும் முக்கியமான கிருமிகளில் ஒன்றுக்கு, ஒரு காலத்தில் ‘பித்தியம் பட்லரி’ என்று பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் எட்வின் ஜான் பட்லர். வேளாண் கல்லூரி மாணவர்கள் ‘இந்தியத் தாவர நோயியலின் தந்தை’ என்று படிக்கிற அதே பட்லர்.

யார் இவர்? செடி வாடினால் மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் இவரிடமிருந்து நாம் என்ன தெரிந்துகொள்ளலாம்?

பஞ்சம் பார்த்த நாட்டில் பிறந்தவர்

பட்லர் 1874ல் அயர்லாந்தின் மேற்குக் கடலோர ஊரான கில்கீயில் பிறந்தார். அந்த நாடு ஒரு பெரிய துயரத்திலிருந்து அப்போதும் முழுசாக மீளவில்லை. 1845ல் உருளைக்கிழங்கு வயல்களில் ஒரு கருகல் நோய் வந்தது. கிழங்கையே நம்பியிருந்த ஏழைக் குடும்பங்களின் சாப்பாடு மண்ணுக்குள்ளேயே அழுகியது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் அதோடு வந்த காய்ச்சல்களாலும் இறந்தார்கள். இன்னும் பல லட்சம் பேர் கப்பலேறினார்கள்.

அந்தக் கருகல் ஏன் வந்தது என்பதில் அன்றைய அறிஞர்களுக்குள்ளேயே சண்டை. செடி கெட்டுப்போனதால்தான் அதில் பூசணம் வந்தது என்று பெரும்பாலோர் நம்பினார்கள். பூசணம்தான் செடியைக் கெடுக்கிறது என்று சொன்னவர்கள் சிலர்தான். சிறுபான்மை சொன்னதுதான் சரி என்பதை ஜெர்மானிய அறிஞர் ஆன்டன் டி பாரி 1860களில் சோதனை செய்து நிரூபித்தார். அந்தக் கிருமியின் பெயர் ஃபைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ். உருளையும் தக்காளியும் ஒரே குடும்பம் என்பதால், இது தக்காளியையும் விட்டுவைக்காது.

பட்லர் படித்தது மருத்துவம். கார்க் நகரின் குயின்ஸ் கல்லூரியில் 1898ல் பட்டம் வாங்கினார். அதே கல்லூரியில் மார்கஸ் ஹார்டாக் என்ற பேராசிரியர், தண்ணீரில் வாழும் நுண்ணிய பூஞ்சைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். மருத்துவ மாணவரின் கவனம் அந்தப் பக்கம் திரும்பியது. பட்டம் வாங்கியதும் ஸ்டெதாஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போகவில்லை. பாரிஸ், ஃப்ரைபர்க், லண்டன் கியூ தோட்டம் என்று பூஞ்சைகளைப் படிக்கப் போனார்.

இந்தியா வந்தது எப்படி?

1901ல் பிரிட்டிஷ் இந்திய அரசு அவரைப் பூஞ்சையியல் நிபுணராக நியமித்தது. முதலில் கல்கத்தா தாவரவியல் பூங்கா, அடுத்து டேராடூன். 1905ல் பீகாரில் உள்ள பூசாவில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கப் பணக்காரர் கொடுத்த நன்கொடை அதற்கு உதவியது. அங்கே ‘இம்பீரியல் மைக்காலஜிஸ்ட்’, அதாவது அரசின் தலைமைப் பூஞ்சையியலாளர் பதவி பட்லருக்குக் கிடைத்தது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அரசு அவரை அழைத்தது விவசாயி மேல் உள்ள பாசத்தால் மட்டும் இல்லை. நிலவரி வருமானம், ஏற்றுமதிப் பயிர்கள், தோட்டப் பயிர்கள் எல்லாம் நோயால் அடிவாங்கினால் ஆட்சிக்கு நஷ்டம். பட்லரின் வேலை அந்தக் கணக்குக்குள்தான் தொடங்கியது. ஆனால் அவர் ஆராய்ந்த பட்டியலில் துவரை, நெல், கரும்பு, இஞ்சி, பனை என்று சாதாரண மக்களின் பயிர்களும் நிறையவே இருந்தன.

பூசாவில் அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று சேகரிப்பு. நோய் கண்ட இலை, தண்டு, வேர் எல்லாவற்றையும் உலர்த்தி, எந்த ஊரில் எந்தச் செடியில் எடுத்தது என்று குறித்துவைத்தார். 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு பூசா நிலையம் டெல்லிக்கு இடம் மாறியது. அந்தச் சேகரிப்பும் கூடவே போனது. இந்தியாவின் முக்கியமான பூஞ்சைச் சேகரிப்பாக அது இன்றும் அங்கே இருக்கிறது.

நாற்றைச் சாய்க்கும் ‘நீச்சல்காரர்’

1907ல் பட்லர் பித்தியம் என்ற இனத்தைப் பற்றி ஒரு விரிவான ஆய்வை வெளியிட்டார். நாற்றங்கால்களில் இளம் செடிகளை அழுகவைக்கும் கூட்டம் இது. கார்க் கல்லூரியில் நீர்ப்பூஞ்சைகள் மேல் பிறந்த ஆர்வம் இங்கே கைகொடுத்தது.

பித்தியத்தின் விசேஷம் என்னவென்றால், அதன் வித்துகள் தண்ணீரில் நீந்தும். மண் துகள்களுக்கு நடுவில் ஈரம் தேங்கினால் போதும், அதிலேயே நீந்தி இளம் வேரைத் தேடிப் போகும். மண் காய்ந்தால் செத்துவிடுமா? அதுவும் இல்லை. தடித்த ஓடு கொண்ட இன்னொரு வகை வித்தாக மாறி, அடுத்த ஈரத்துக்காகக் காத்திருக்கும். இன்றைய அறிவியல் இதை அசல் பூஞ்சையாகக்கூடச் சேர்ப்பதில்லை. பாசிகளின் தூரத்துச் சொந்தமான தனிக் கூட்டம் என்கிறது.

1919ல் எல்.எஸ். சுப்பிரமணியம் என்ற ஆய்வாளர் இஞ்சி, புகையிலை, பப்பாளி ஆகியவற்றைத் தாக்கும் ஒரு பித்தியத்தை விவரித்து, அதற்கு பட்லரின் பெயரை வைத்தார். அதுதான் ‘பித்தியம் பட்லரி’. ஆனால் 1915லேயே அமெரிக்காவில் வேறு பெயரில் விவரிக்கப்பட்ட கிருமியும் இதுவும் ஒன்றுதான் என்று பின்னால் முடிவானது. முதலில் வைத்த பெயருக்கே முன்னுரிமை என்பது விதி. அதனால் இன்றைய புத்தகங்களில் அது ‘பித்தியம் அஃபனிடெர்மேட்டம்’. பட்லர் பெயர் அடைப்புக்குள் போய்விட்டது. தக்காளி நாற்றைச் சாய்க்கும் வேலையை மட்டும் அது விடவில்லை.

வீட்டில் என்ன செய்யலாம்?

இந்த நீச்சல் விஷயம் புரிந்தால், பாதி வைத்தியம் புரிந்த மாதிரி.

• நாற்றுக்குத் தனிக் குழித்தட்டு வையுங்கள். அடியில் ஓட்டை கட்டாயம். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவை, தண்ணீரைத் தேங்கவிடாது. வெறும் களிமண் வேண்டாம்.

• ஒரு குழிக்கு ஒரு விதை. நெருக்கமாகத் தூவினால் காற்று ஓடாது, நோய் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாகத் தாவும்.

• தண்ணீர் காலையில் மட்டும், பூவாளியால். மேல் மண் லேசாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். பாசத்தில் மூன்று வேளை ஊற்றுவதுதான் நிறைய நாற்றுகளின் கதையை முடிக்கிறது.

• விதைக்கும் முன் டிரைக்கோடெர்மா விரிடி பொடியில் விதையைப் புரட்டுங்கள். விவசாயிகளுக்கான அளவு கிலோ விதைக்கு 4 கிராம். வீட்டில் ஒரு பாக்கெட் விதைக்கு ஒரு சிட்டிகை தாராளம். இது ஒரு நல்ல பூஞ்சை. கெட்ட பூஞ்சைக்கு இடம் கொடுக்காது.

• ஒன்றிரண்டு சாய்ந்துவிட்டால், அந்தக் குழியின் மண்ணோடு சேர்த்து எடுத்துப் போடுங்கள். மீதி நாற்றுகளுக்கு, ஒரு லிட்டர் தண்ணீரில் 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்து வேர்ப்பகுதியில் ஊற்றலாம்.

துவரையில் கண்ட வாடல், தக்காளியிலும்

பட்லர் பெயரை நிலைநிறுத்திய இன்னொரு வேலை, துவரை வாடல் நோய். பூக்கிற நேரத்தில் செடி தண்ணீர் இல்லாதது போல வாடும். தண்ணீர் பாய்ச்சினாலும் தேறாது. வெயில், வறட்சி, மண் வளம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்ல இடம் இருந்தது. மண்ணிலிருந்து வேர் வழியாக உள்ளே போகும் ஒரு ஃபுசேரியம் பூஞ்சைதான் காரணம் என்று பட்லர் காட்டினார். 1910ல் அதற்கு ஃபுசேரியம் உடம் என்று பெயர் வைத்தார். இன்றும் அதே பெயர்தான்.

நோய்க் கிருமியைக் கண்டுபிடிப்பதற்கு அந்தத் தலைமுறை பின்பற்றிய முறை எளிமையானது, ஆனால் கறாரானது. நோயுற்ற செடியில் ஒரு கிருமி எப்போதும் இருக்கிறதா என்று பார். அதைத் தனியாக எடுத்து வளர். நல்ல செடிக்குள் செலுத்து. அதே நோய் வந்தால், அதிலிருந்து அதே கிருமியைத் திரும்ப எடு. நான்கும் சரியாக வந்தால்தான் குற்றவாளி அது. மனிதர்களின் காசநோய்க்கு ராபர்ட் கோக் வகுத்த அதே விதி. மருத்துவம் படித்தவருக்கு இது புதிதாக இருந்திருக்காது.

தக்காளிக்கும் ஒரு ஃபுசேரியம் வாடல் உண்டு. கூடவே பாக்டீரியா வாடல் என்ற ஒன்றும் உண்டு. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. பிரித்தறிய ஆய்வகம் வேண்டாம், ஒரு கத்தியும் ஒரு கண்ணாடி டம்ளரும் போதும்.

வாடின செடியின் தண்டை அடியில் வெட்டுங்கள். டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுமுனை தண்ணீரைத் தொடும்படி சில நிமிடம் பிடியுங்கள். பால் மாதிரி வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா. இழை இறங்காமல், தண்டின் உள்ளே பட்டையை ஒட்டிப் பழுப்புக் கோடு ஓடினால் ஃபுசேரியமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டிலும் அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. வேரோடு எடுத்துவிடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். பாக்டீரியா என்றால், அந்த மண்ணில் தக்காளி மட்டுமில்லை, கத்தரி, மிளகாய், உருளையும் வைக்காதீர்கள். தக்காளியைத் தாக்கும் ஃபுசேரியம் வகை பெரும்பாலும் தக்காளியோடு நிற்கும். அந்தப் பையில் கீரையோ வெண்டையோ போட்டுக்கொள்ளலாம்.

பனையைக் காப்பாற்றப் போனவர்

தமிழர்களுக்கு பட்லரை நெருக்கமாக்கும் கதை ஒன்று உண்டு. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த கோதாவரி, கிருஷ்ணா டெல்டாவில் பனைமரங்கள் கூட்டமாகச் செத்தன. பனைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துதான். அது அழுகினால் மரம் முடிந்தது. பக்கக் கிளை விட்டுப் பிழைக்க அதற்கு வழி இல்லை. நுங்கு, பதநீர், கருப்பட்டி, ஓலை என்று பனையை நம்பியிருந்த குடும்பங்களின் பிழைப்பும் அதோடு போச்சு.

பட்லர் அங்கே போய் ஆராய்ந்து, குருத்தழுகலுக்குக் காரணமான கிருமியை விவரித்தார். அது இன்று ஃபைட்டோப்தோரா பால்மிவோரா. பெயரைக் கவனியுங்கள். அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்ததன் பங்காளிதான் ஆந்திரக் கடலோரத்தில் பனையை அழித்துக்கொண்டிருந்தது.

தீர்வாகச் செய்யப்பட்டது பெரிய வேதியியல் இல்லை. நோய் கண்ட மரங்களைத் தேடி, ஆளை ஏற்றி, கொண்டையை வெட்டி, எரிக்க வேண்டும். நோயின் ஊற்றையே எடுத்துவிட்டால் பக்கத்து மரத்துக்குப் போக வழி இல்லை. பிறகு சென்னை மாகாணப் பூஞ்சையியலாளர் வில்லியம் மெக்ரே கோவையிலிருந்து இந்த வேலையைத் தொடர்ந்தார். புத்தகங்களில் இந்த அதிகாரிகளின் பெயர்கள் இருக்கின்றன. உயரமான மரங்களில் ஏறி வெட்டிய தொழிலாளர்களின் பெயர்கள் இல்லை.

உங்கள் தக்காளிக்கும் இதே விதிதான். அடி இலையில் வளையம் வளையமாகப் பழுப்புப் புள்ளி தெரிந்தால் அது முன்பருவ இலைக்கருகல். அந்த இலைகளை அன்றே கிள்ளி அப்புறப்படுத்துங்கள். மண் தெறிக்காதபடி மேலே காய்ந்த இலை மூடாக்கு போடுங்கள். குச்சி நட்டுக் கட்டி, இலைகள் மண்ணில் படாமல் தூக்கி நிறுத்துங்கள். இலையில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

மயில்துத்தமும் சுண்ணாம்பும்

மருந்தே வேண்டாமா என்றால், அப்படியும் இல்லை. 1880களில் பிரான்சின் போர்டோ பகுதியில், மில்லார்டே என்ற பேராசிரியர் திராட்சை நோய்க்கு ஒரு கலவையை உருவாக்கினார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை. மைசூர் சமஸ்தானத்தில் பாக்கு மரங்களின் அழுகல் நோய்க்கு லெஸ்லி கோல்மன் என்ற ஆய்வாளர் இதைப் பயன்படுத்திப் பலன் கண்டார். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயிகளுக்கும் இது பழக்கமான பெயர்தான்.

1 சதவீதக் கலவைக்கு, 10 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 10 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைக்க வேண்டும். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம் மட்டும், இரும்பு கூடாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் உள்ளே விட்டு எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். அன்றைக்கே தெளித்து முடித்துவிட வேண்டும். கையுறை போடுங்கள், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம், காயை நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இது பூஞ்சை உள்ளே புகாமல் தடுக்கும் வேலி. உள்ளே புகுந்த பிறகு கொடுக்கும் மாத்திரை இல்லை. இலை மேல்பக்கம் சுருண்டு செடி குட்டையானால், அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம். எந்தப் பூஞ்சைக்கொல்லியும் அங்கே வேலை செய்யாது. செடியை எடுத்துவிட்டு, மஞ்சள் ஒட்டும் அட்டை தொங்கவிடுவதுதான் வழி. காயின் அடிப்பக்கம் மட்டும் கறுத்தால் அது தொற்றே இல்லை. ஒரு நாள் வெள்ளம், ஒரு நாள் வறட்சி என்று தண்ணீர் விட்டதால் காய்க்குக் கால்சியம் போய்ச் சேரவில்லை. இதற்கெல்லாம் மருந்து அடித்தால் காசுதான் போகும்.

கடைசி ஆண்டுகள்

1918ல் பட்லர், இந்தியப் பயிர்களின் நோய்களை முதன்மையாக வைத்து ஒரு பெரிய நூலை வெளியிட்டார். அடுத்த தலைமுறை இந்திய ஆய்வாளர்கள் பலருக்கும் அதுதான் பாடநூல். பிறகு இங்கிலாந்தின் கியூவில் 1920ல் தொடங்கிய பூஞ்சையியல் அமைப்பின் முதல் இயக்குநரானார். எந்த நாட்டில் எந்தப் பயிருக்கு எந்த நோய் என்ற தகவலை ஒரே இடத்தில் திரட்டி, எல்லோருக்கும் அனுப்புவது அதன் வேலை. இன்று போட்டோ எடுத்து ஆப்பில் போட்டு நோயைக் கண்டுபிடிக்கிறோமே, அந்த யோசனையின் காகித வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். 1935 வரை அங்கே இருந்தார். 1926ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1939ல் ‘சர்’ பட்டம். 1943 ஏப்ரலில் காலமானார்.

அதே 1943ல் வங்கத்தில் பெரும் பஞ்சம். முந்தைய பருவத்தில் அங்கே நெல்லைப் பழுப்புப்புள்ளி நோய் தாக்கியிருந்தது. பஞ்சத்தில் அந்த நோயின் பங்கு பெரிது என்று நெல் ஆய்வாளர் பத்மநாபன் பிற்பாடு எழுதினார். அரிசி இருந்தும் மக்களுக்குக் கிடைக்கவில்லை, போர்க்கால விலையேற்றமும் அரசின் தவறுகளும்தான் காரணம் என்பது அமர்த்தியா சென்னின் வாதம். அயர்லாந்திலும் அப்படித்தான். மக்கள் பட்டினி கிடந்தபோதும் அங்கிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. பயிரை அழிப்பது கிருமி. மக்கள் சாவதா பிழைப்பதா என்பதை அரசும் சந்தையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. அதில் பூஞ்சையியலாளர் செய்யக்கூடியது ஒரு பகுதிதான். ஆனால் அந்தப் பகுதியைச் சரியாகச் செய்ய ஆள் இருந்தாக வேண்டும்.

மாடியில் நாலு பையில் தக்காளி வைத்திருப்பவருக்கு இவ்வளவு பெரிய கவலை இல்லைதான். ஆனால் செடி வாடினதும் ‘எந்த மருந்து?’ என்று கேட்பதற்கு முன்னால் ‘என்ன காரணம்?’ என்று கேட்கிற பழக்கம் நமக்கும் நல்லது. அதற்குச் செலவே இல்லை. வாடின செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, வேரையும் தண்டின் உட்புறத்தையும் ஒரு தடவை பாருங்கள். புரியவில்லை என்றால், அந்தச் செடியை வேரோடு ஒரு பையில் போட்டுப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்கோ, உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்துக்கோ எடுத்துப் போய்க் காட்டுங்கள்.